உடைந்த பொருளும் உரிய ஈடும்

விருந்தோம்புதலை இல்வாழ்க்கையின் தலையாய கடமையாகக் கொண்டவர்கள் தமிழர்கள். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். முன்பின் அறியாதவர் வந்தாலும் திண்ணையில் இடம் உண்டு. இலையில் சோறு உண்டு. விருந்துக்கு வந்த வீட்டுப் பிள்ளை செம்பைக் கீழே போட்டு நசுக்கிவிட்டால், "போகட்டும், குழந்தைதானே" என்று சொல்வதே வழக்கம். நசுங்கிய செம்புக்குக் காசு கேட்ட வீட்டை ஊரே எள்ளி நகைத்திருக்கும்.

இன்று நாம் வாழும் டில்லியில் வேறொரு வகை விருந்து வளர்ந்திருக்கிறது. வீட்டின் ஓர் அறையையோ ஒரு மாடியையோ இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு விடுகிறார்கள். தேர்வு எழுத வருவோர், எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வருவோர், பிள்ளையின் பட்டமளிப்பு விழாவைக் காண வரும் பெற்றோர் எனப் பலரும் இவ்வாறு தங்குகின்றனர். அவர்கள் சென்ற பிறகு ஏதேனும் ஒரு பொருள் உடைந்து கிடந்தால் என்ன செய்வது? வீட்டுக்காரர் எவ்வளவு கேட்கலாம்? தங்கியவர் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நான் வேதியியல் பயில்பவன்; சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் இப்படிப்பட்ட ஒரு கணக்கைப் போட வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. அதற்காகச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக் கற்றதையும், கற்றதற்கு மேலாக உணர்ந்த ஒன்றையும் நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நடந்தது என்ன?

கரோல்பாகில் ஒரு தமிழ் அம்மையார் வீட்டின் மொட்டைமாடி அறையில் நான் குடியிருக்கிறேன். இவ்வூரில் அதைப் பர்சாத்தி என்பார்கள். அம்மையார் மதுரைப் பக்கத்தவர். மத்திய அரசில் எழுத்தராக இருந்த கணவரோடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்தவர். கணவர் இப்போது இல்லை. முதல் மாடியில் உள்ள அறையை ஊரிலிருந்து வருவோர்க்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்கு விடுகிறார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. தொலைபேசியில் பேச்சு, கையில் 5,000 ரூபாய் முன்பணம், அவ்வளவுதான்.

சென்ற குளிர்காலத்தில் நான்கு இளைஞர்கள் ஒரு நேர்முகத் தேர்வுக்காக வந்து மூன்று நாள் தங்கினார்கள். அவர்கள் புறப்பட்டுப் போன மாலை அம்மையார் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வந்து பாரு. அறையை என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு நீயே பாரு."

பார்த்தேன். தேக்கு மேசையின் நடுவில், கொதிக்கும் கெண்டியை வைத்ததால் வட்டமாக ஒரு கறை. கை கழுவும் பேசின் இரண்டாகப் பிளந்து, தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது. மெத்தையில் குழம்புக் கறை. சுவரில் கைத்தடங்கள். அம்மையார் மேசையைத் தடவிக்கொண்டே, "இதுல உட்கார வச்சுத்தான் அவர் எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடக் கத்துக்கொடுத்தார்" என்றார். பிறகு பேசவில்லை.

அன்றிரவே ஒரு பட்டியல் ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புது மேசைக்கு 18,000; பேசினுக்கு 4,500; மெத்தைக்கு 9,000; அறை முழுவதும் வண்ணம் பூச 6,000; அடுத்து வரவிருந்த குடும்பத்தைத் திருப்பி அனுப்பியதால் போன இரண்டு நாள் வாடகை 3,000; மனவேதனைக்கு 5,000. ஆக மொத்தம் 45,500 ரூபாய். எழுதும்போதே ஒன்று என் மனத்தை உறுத்தியது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தங்கியவர் யார்?

காசு கொடுத்துத் தங்குபவர் பழைய பொருளில் விருந்தினர் அல்லர். ஓர் ஒப்பந்தத்தின் மறுதரப்பினர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், எழுத்தில் இல்லை என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடுவதில்லை. தொலைபேசியில் பேசி முடித்ததும் ஒப்பந்தமே. ஆயினும் வாய்ச்சொல்லை நாளை மெய்ப்பிப்பது கடினம். அது வேறு செய்தி.

அவர் குடிக்கூலிக்காரரா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. குத்தகை என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் வருகிறது. அதில் இடத்தை அனுபவிக்கும் உரிமையே கைமாறுகிறது. அதே ஆண்டில் பிறந்த வசதியுரிமைச் சட்டம் உரிமம் என்ற ஒன்றைக் கூறுகிறது. இடம் உடையவரிடமே இருக்க, அதில் தங்கிச் செல்ல இசைவு மட்டும் பெறுவது அது. சில நாள் தங்கல் பெரும்பாலும் இவ்வகையைச் சேரும்.

குத்தகைக்காரர்க்குச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு ஒரு நல்ல விதியைத் தருகிறது. இடத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும். ஆனால் முறையாகப் பயன்படுத்துவதால் நேரும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்லர் என்பதே அவ்விதி. நாள்வாடகைக்கும் இந்த நியாயம் பொருந்தும். படிக்கட்டில் கால் தேயும். கதவுப்பிடி பளபளப்பு இழக்கும். இவை வாழ்வதன் தடங்கள். இவற்றுக்கான விலை வாடகையிலேயே அடங்கிவிட்டது.

பொறுப்பு ஒரு பக்கத்தது மட்டும் அன்று. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் டில்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தம் காரை ஊழியரிடம் ஒப்படைத்துச் சென்றார். கார் திருட்டுப் போயிற்று. உடையவரின் பொறுப்பிலேயே வண்டி நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் கவனக்குறைவை அச்சிட்ட ஒரு வரியால் ஓட்டல் மறைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், தம் பொருளைப் பேணும் அளவுக்கு அதையும் பேணவேண்டும். ஓட்டலுக்கு இது பொருந்துமானால் ஓட்டலில் தங்குபவர்க்கும் பொருந்துமன்றோ?

ஈடு என்பது எது?

இழப்பீடு வேறு; தண்டனை வேறு. இந்த ஒன்று விளங்கினால் மற்றவை எளிது. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த இழப்பையும், விளையக்கூடும் என்று இருவரும் முன்பே அறிந்திருந்த இழப்பையும் மட்டுமே ஈடுசெய்யச் சொல்கிறது. எட்டத்தில் உள்ள, சுற்றிவளைத்து வரும் இழப்புக்கு ஈடு இல்லை.

இக்கருத்தின் பிறப்பிடம் ஓர் ஆலை. இங்கிலாந்தில் குளூசெஸ்டர் நகரத்து மாவு ஆலை ஒன்றில் இயந்திரத் தண்டு முறிந்தது. அதை மாதிரிக்கு எடுத்துச் சென்ற வண்டிக்காரர் நாள் கடத்தினார். ஆலை நின்றது. நின்ற நாட்களின் இலாபத்தைக் கேட்டு ஆலையார் வழக்குத் தொடுத்தனர். தண்டு வராவிட்டால் ஆலையே நின்றுவிடும் என்பதை வண்டிக்காரர் அறிந்திருக்கவில்லை; ஆகவே அந்த இலாபத்தை அவரிடம் கேட்க முடியாது என்று 1854-இல் தீர்ப்பாயிற்று. ஹாட்லி எதிர் பாக்சண்டேல் என்ற அந்த வழக்கை இன்றும் நம் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன.

73-ஆம் பிரிவின் விளக்கவுரை இன்னொன்றும் சொல்கிறது. இழப்பைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தும் அடைக்காமல் விட்டு, நனைந்த தரைக்கும் சேர்த்து விலை கேட்பது நியாயம் ஆகாது.

முன்பணம் யாருடைய பணம்?

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லவேண்டும். டில்லிக்கு வந்த முதல் ஆண்டில் விஜயநகரில் ஓர் அறையில் இருந்தேன். காலி செய்தபோது, சுவரில் நான்கு ஆணித் துளைகள் இருப்பதாகவும் வண்ணம் மங்கிவிட்டதாகவும் சொல்லி, வீட்டுக்காரர் என் முன்பணம் 8,000 ரூபாயையும் வைத்துக்கொண்டார். முன்பணம் என்றாலே போன பணம் என்று எண்ணி நானும் பேசாமல் வந்துவிட்டேன். நம்மில் பலருக்கும் இவ்வனுபவம் இருக்கும்.

அந்த எண்ணம் தவறு. ஒரு கட்டடத்தைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது. 1949-இல் அதை 1,12,500 ரூபாய்க்கு விற்க ஒருவர் ஒப்பந்தம் செய்தார். வாங்குபவர் முதலில் 1,000 ரூபாயும் பின்பு 24,000 ரூபாயும் கொடுத்தார். விற்பனை முறிந்தது. விற்பவர் 25,000 ரூபாயும் தமக்கே என்றார். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பதேசந்த் எதிர் பால்கிஷன் தாஸ் என்ற அவ்வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம், உறுதிப்பணமாகிய 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம். மற்ற 24,000 ரூபாயை, இழப்பு நேர்ந்ததாகக் காட்டாமல், எழுதியிருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் பறிமுதல் செய்ய முடியாது என்றது. 74-ஆம் பிரிவின் பொருளும் இதுவே. ஒப்பந்தத்தில் குறித்த தொகை ஓர் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

2015-இல் அதே நீதிமன்றம் டில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராகவும் இவ்வாறே தீர்ப்பளித்தது. பிகாஜி காமா பிளேசில் ஒரு மனைக்காகக் கட்டப்பட்ட 78 இலட்சம் ரூபாயை ஆணையம் பறிமுதல் செய்திருந்தது. பின்பு அதே மனையை அது பன்மடங்கு விலைக்கு விற்றுவிட்டது. இழப்பே இல்லாத இடத்தில் ஈடு ஏது? பணத்தை வட்டியுடன் திருப்பித் தருமாறு உத்தரவாயிற்று. அரசின் ஆணையமே வைத்துக்கொள்ள முடியாத பணத்தை விஜயநகர் வீட்டுக்காரர் வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை; அவர் கொடுக்கவில்லை.

பட்டியலைத் திருத்தினோம்

இவற்றைப் படித்தபின் அம்மையாருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேசையை மாற்ற வேண்டியதில்லை. இழைத்து மெருகு ஏற்ற 2,200 ரூபாய் ஆகும் என்று தச்சர் சொன்னார். ஆகவே ஈடும் அவ்வளவே. பேசினை மாற்றியே ஆகவேண்டும். பாதி தேய்ந்த பேசின் கடையில் கிடைக்காது என்பதால், கூலியும் சேர்த்து உண்மையில் ஆன 3,400 ரூபாயையும் எழுதினோம். மெத்தை ஆறு ஆண்டுக்கு முன் வாங்கியது. பத்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்றது. எஞ்சிய நான்கு ஆண்டுக்கு 9,000 ரூபாயில் பத்தில் நான்கு பங்கு. அதாவது 3,600 ரூபாய். சுவருக்கு வண்ணம் பூசி நான்கு ஆண்டு ஆயிற்று, கைத்தடம் தேய்மானமே, ஒன்றும் இல்லை. திரும்பிப்போன குடும்பத்தின் வாடகை 3,000 ரூபாயில், செலவாகாமல் மிஞ்சிய சலவை, காலை உணவு ஆகியவற்றுக்கு 400 கழித்து 2,600. ஒப்பந்த மீறலில் மனவேதனைக்குப் பொதுவாக ஈடு கிடையாது.

மொத்தம் 11,800 ரூபாய். முன்பணம் 5,000 போக, கேட்கவேண்டியது 6,800.

"45,500 எங்கே, 6,800 எங்கே? நீ யார் பக்கம் தம்பி?" என்றார் அம்மையார்.

"கணக்கின் பக்கம் அம்மா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமை நான்கு நாள்தான் நின்றது.

சான்று

பட்டியலையும் இரசீதுகளையும் அனுப்பினோம். மறுமொழியாக இளைஞர்களுள் ஒருவர் ஒரு நிழற்படம் அனுப்பினார். வந்த முதல் காலையில், பல் துலக்கும்போது விளையாட்டாக எடுத்தது. படத்தின் ஓரத்தில் பேசின் தெரிந்தது. குழாய்க்குக் கீழே மயிரிழைபோல ஒரு விரிசல். "நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது" என்று எழுதியிருந்தார்.

நண்பர்களே, என்னை உறுத்தியது அதுதான். ஒரு மாதத்துக்கு முன்பு அந்தக் குழாயை முடுக்கப் போனபோதே அவ்விரிசலை நான் கண்டிருந்தேன். சொல்ல மறந்தேன். பட்டியல் எழுதும்போது நினைவு வந்தது. அப்போது சொல்லாமல் விட்டேன். அம்மையார் மேசையைத் தடவிய காட்சி கண்ணில் நின்றதால் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் என் முடிவுக்கு ஒத்துவராத ஓர் அளவீட்டைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கினால் அதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதுவே பெயர்.

அம்மையாரிடம் சொன்னேன். "தெரிஞ்சே என்னை எழுத வச்சியா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாதி போடு. விரிசல் நம்மது, உடைச்சது அவங்க" என்றார். ஒருவர் பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவியதை இளைஞர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பேசினில் பாதி 1,700. அதனால் போன வாடகையில் பாதி 1,300. மேசையும் மெத்தையும் சேர்த்து 8,800. முன்பணம் போக 3,800 ரூபாய். அன்று மாலையே பணம் வந்து சேர்ந்தது.

வருகைக்கு முன் எடுத்த ஒரு படம் எங்களிடம் இருந்திருந்தால் இந்தச் சண்டையே எழுந்திராது. ஆய்வு தொடங்குமுன் எடுத்த அளவு இல்லாமல், ஆய்வுக்குப்பின் எடுத்த அளவுக்குப் பொருள் இல்லை என்பதை நாம் அறிவோம். அறைக்கும் அதே விதிதான். ஆள் வருமுன் ஒரு படம், போனபின், அடுத்தவர் வருமுன் ஒரு படம், பொருள்களின் பட்டியல், வாங்கிய இரசீது. தங்குபவரும் உள்ளே நுழைந்தவுடன் நான்கு மூலைகளையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். அதுவே அவருக்குக் காவல்.

வழக்கு என்று வந்தால் கைப்பேசிப் படமும் சான்றாகும். 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அத்தகைய மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்கவேண்டும். ஒரு கோப்பிலிருந்து கணிதமுறையில் பெறப்படும் கைரேகை அது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பது நலம்.

இசைவு ஏற்படாவிட்டால்?

இணையவழி நிறுவனத்தின் மூலம் அறையை விட்டவர்க்கு அந்நிறுவனத்தின் உறுதிமொழி துணையாகலாம். 2011-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்மணியின் வீட்டைத் தங்கியவர் சூறையாடிச் சென்றது பெருஞ்செய்தி ஆயிற்று. அதன்பின் ஏர்பிஎன்பி நிறுவனம் 50,000 டாலர் வரை ஈடு தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அது 10 இலட்சம் டாலராகவும், 2022-இல் 30 இலட்சம் டாலராகவும் உயர்ந்தது. தொகை பெரிது, நிபந்தனைகளும் உண்டு. தங்கியவர் வெளியேறிய 14 நாட்களுக்குள் கேட்கவேண்டும். முதலில் தங்கியவரிடமே கேட்கவேண்டும். மறுமொழிக்கு அவருக்கு 24 மணி நேரம். அங்கும் தேய்மானத்துக்கு ஈடு இல்லை. சான்று இல்லாமலும் ஈடு இல்லை.

நேரில் விட்டவர்க்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. ஒப்பந்த மீறலுக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. சிறு தொகைக்கு அவ்வழி நீண்டது, செலவும் மிகுதி. தங்குபவர் காசு கொடுத்துச் சேவை பெறுபவர் ஆதலால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வீட்டுக்காரர்க்கு அவ்வழி இல்லை. கோபத்தில் காவல் நிலையத்துக்கு ஓடுவோரும் உண்டு. வேண்டுமென்றோ விளைவை அறிந்தோ செய்த சேதமே குற்றம் என்கிறது பாரதிய நியாயச் சட்டத்தின் 324-ஆம் பிரிவு. கைதவறி உடைத்தவர் ஈடு தரவேண்டியவரே தவிரக் குற்றவாளி அல்லர்.

முடிவுரை

மேசை மெருகேறி வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் நடுவில் இன்னும் ஒரு மெல்லிய வட்டம் தெரிகிறது. அந்த வட்டத்துக்கு எந்தப் பிரிவிலும் விலை இல்லை. அம்மையார் அந்த மேசையைக் கீழே தம் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். வாடகை அறையில் இப்போது வேறொரு மேசை இருக்கிறது. விலைமதிக்க முடியாத பொருளை வாடகைக்கு விடக்கூடாது என்ற பாடத்தை எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

நாம் இன்று வாடகைக்கு இருப்பவர்கள். நாளை நம்முள் சிலர் வீட்டுக்காரர் ஆவோம். உடைத்தால் உடைத்தேன் என்று சொல்வோம். கேட்டால் உண்மையான இழப்பை மட்டும் கேட்போம். நமக்கு எதிரான சான்று நம் கையில் இருந்தால் அதையும் மேசைமேல் வைப்போம். அறைக்கதவில் ஒரு பொருட்பட்டியலும், கைப்பேசியில் நான்கு படங்களும் இருந்தால் பாதிச் சச்சரவு எழாமலே போகும். மீதிப் பாதிக்குப் படமும் பட்டியலும் போதா. அதற்கு நாணயம் வேண்டும்.

பேசினுக்கு அடுத்த சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அறையில் உள்ள பொருள்களும் அவற்றின் குறைகளும் அதில் என் கையெழுத்தில் உள்ளன. முதல் வரியை அம்மையார் சொல்ல நான் எழுதினேன்: "ஏற்கெனவே உள்ள கீறல்கள்."